பொட்டலில் கோல்ஃப்: வெளியூரில் இருக்கும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு, காரைக்குடிப் பக்கம் நம் ஊர்ப் பொட்டலில் பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானமும் அதை ஒட்டி ஒரு கன்ட்ரி கிளப்பும் கொண்டு வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கும் ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

"கும்பாபிஷேகத்துக்கு வந்த இடத்தில் பந்தியில் பேசிக்கொண்டது, அதைப் போய்ப் பெரிசு பண்ணுகிறாயே" என்று உங்களில் ஒருவர் போனில் கேட்டார். பந்தியில் பேசியதுதான். ஆனால் இலை எடுப்பதற்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போய், பொட்டலுக்குத் தெற்கே கிடக்கும் மானாவாரி நிலத்துக்கு விலை கேட்டு புரோக்கர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நாளைக்கு இது ஒரு கம்பெனிப் பெயரில், கலர் வரைபடத்தோடு, "செட்டிநாடு" என்ற சொல்லை முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். அப்போது வாய் திறக்கிறவன் எல்லாம் வளர்ச்சிக்கு எதிரி ஆகிவிடுவான். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. சிங்கப்பூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான், எந்தக் கிளப் என்பது இங்கே வேண்டாம். நீங்கள் காலை ஏழு மணிக்கு முதல் டீயில், அதாவது முதல் அடி அடிக்கிற மேடையில் நின்று கையுறை மாட்டும்போது, குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையான கிரீன் மேல் இருந்த பனியை நீளக் கம்பால் தட்டி, நேற்றைய குழியை அடைத்து, வேறொரு மூலையில் புதுசாக நாலேகால் அங்குலக் குழி வெட்டி, பங்கர் என்கிற மணல் பள்ளத்தை வாரி வைத்துவிட்டு இருட்டிலேயே அடுத்த குழிக்குப் போய்விட்ட கூட்டத்தில் ஒருத்தன். மெம்பர் பந்து அடிக்கத் தயாராகிறார் என்றால் மெஷினை அணைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும், கிளப் ஹவுஸ் முன்வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது, இதெல்லாம் சட்டம். அதே இடத்தில் தேவகோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். தன் பந்து பங்கரில் கிடக்கிற எரிச்சலிலும் "சாப்பிட்டாயா தம்பி" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோல்ஃப் என்றாலே பணக்காரத் திமிர் என்று எழுதுகிற ஆள் நான் இல்லை. எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கும், கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் ஸ்டாஃப் டே என்று விடுவார்கள், மெம்பர்கள் தூக்கிப் போட்ட பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடுவோம், நாங்களே வெட்டிய குழியில் நாங்களே பந்தைத் தள்ளிவிடும்போது வருகிற சந்தோஷம் ரொம்பப் பெரியது. 7 அயர்ன் என்கிற இரும்பு மட்டையில் பந்து சரியாகப் பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது, பந்து பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், அதை அனுபவித்தவனால் இந்த ஆட்டத்தை வெறுக்க முடியாது. ஹோல் இன் ஒன், அதாவது ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவன் எல்லோருக்கும் பார்ட்டி கொடுக்க வேண்டும் என்பதற்காக அந்தச் செலவுக்கு இன்சூரன்ஸே விற்கிறார்களே, அந்தப் பைத்தியக்காரத்தனமும்கூட எனக்குப் பிடிக்கும். ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: ஆட்டத்தை ஊருக்குக் கொண்டு வாருங்கள், கிளப்பைக் கொண்டு வராதீர்கள்.

பந்தியில் நீங்கள் சிங்கப்பூரைத்தான் உதாரணம் காட்டினீர்கள். "அவ்வளவூண்டு ஊர், அங்கே எத்தனை கோல்ஃப் மைதானம் பார்" என்று. அந்தக் கதையில் பாதியைத்தான் சொன்னீர்கள். 1891இல் குதிரைப் பந்தயத் திடலில் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தது, 1963இல் இரண்டு பழைய கிளப்புகள் ஒன்றாகி நீர்த்தேக்கங்களை ஒட்டிய காட்டோரத்தில் சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் ஆனது, அப்புறம் எழுபது எண்பதுகளில் வரிசையாகக் கிளப்புகள் முளைத்தது, இது வரைக்கும் சரி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அரசாங்கமே உட்கார்ந்து கணக்குப் போட்டது. கோல்ஃப் மைதானங்கள் மட்டும் சுமார் 1,500 ஹெக்டேர், அதாவது நாட்டு நிலத்தில் 2 சதவீதம். அன்றிலிருந்து குத்தகை முடிய முடிய ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூரோங் கன்ட்ரி கிளப்புக்கு 2015இல் நோட்டீஸ் வந்தது, கோலாலம்பூர் போகும் அதிவேக ரயிலுக்கு நிலையம் கட்ட வேண்டும் என்று. மறு வருஷம் கிளப் காலி. 2017இல் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப்பின் முறை. அதே ரயிலுக்கும் இன்னொரு மெட்ரோ பாதையின் பணிமனைக்கும் இடம் வேண்டும் என்றார்கள், 2018இல் அதுவும் மூடியாயிற்று. 2021 ஜனவரி முதல் தேதி, அதிவேக ரயில் திட்டமே கிடையாது என்று இரண்டு நாடுகளும் அறிவித்துவிட்டன! 1904இல் தொடங்கிய கெப்பல் கிளப்பின் குத்தகை 2021 கடைசியில் முடிந்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிலத்தில் ஆயிரக்கணக்கில் வீடுகள் வரப்போகின்றன. மெம்பர்ஷிப் இல்லாத ஆளும் காசு கட்டி ஆடலாம் என்று இருந்த மரினா பே மைதானத்தை 2024 ஜூன் மாதக் கடைசியில் மூடினார்கள். அதன் 13ஆவது குழி பார் 6, அதாவது ஆறு அடியில் முடிக்க வேண்டிய குழி, அப்படி ஒரு குழியை வேறெங்கும் பார்ப்பது கஷ்டம், போய்விட்டது. இப்போது அங்கே உள்ளவர்கள் சனி ஞாயிறு ஆனால் மலேசியாவின் ஜோகூருக்குப் பாலம் தாண்டுகிறார்கள், இல்லையென்றால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகு ஏறுகிறார்கள். அந்தப் படகில் நீங்களும் போயிருப்பீர்கள்.

எனக்கு அந்த அரசாங்கத்தின் மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் நிலம் யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவு பேர் அனுபவிக்க என்று கேட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். நாம் அங்கிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்தக் கணக்குதான், கிளப் ஹவுஸின் கண்ணாடிச் சுவர் இல்லை.

"அங்கே இடம் இல்லை, பிடுங்குகிறார்கள். இங்கேதான் இடம் கிடக்கிறதே" என்பீர்கள். இடம் கிடக்கிறது, வாஸ்தவம். தண்ணீர்?

சிங்கப்பூரில் வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் பன்னிரண்டு மாதமும் பரவலாக. வருஷத்தில் சுமார் 170 நாள் இடி இடிக்கிற ஊர். மின்னல் சைரன் ஊதினால் பக்கி என்கிற பேட்டரி வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கொட்டகையில் ஒதுங்குவது உங்களுக்கும் பழக்கம், எங்களுக்கும் பழக்கம். அங்கே புல் பராமரிக்கிறவனின் தலைவலியே தண்ணீரை வெளியேற்றுவதுதான். மண்ணுக்கடியில் குழாய் பதிப்பது, கிரீனில் துளை போட்டு மணல் நிரப்புவது, டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள ஃபேர்வேயில் தேங்கினதைத் தள்ளுவது என்று எங்கள் நேரத்தில் பாதி அதற்கே போகும். நம் பக்கம் மழை 900 மில்லிமீட்டரை ஒட்டி, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். பங்குனி சித்திரையில் நம் செம்மண் பொட்டல் எப்படி இருக்கும் என்று ஏசி காரை விட்டு இறங்கி நடந்தால் தெரியும்.

கணக்கை எழுதியே காட்டுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். வெயில் காலத்தில் புல் பச்சையாக நிற்க வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். ஒரு ஹெக்டேரில் 5 மில்லிமீட்டர் என்றால் 50,000 லிட்டர். பதினெட்டுக் குழி மைதானத்தில் டீ, ஃபேர்வே, கிரீன், அதைச் சுற்றி உள்ள ஓரம் எல்லாம் சேர்த்து 25 ஹெக்டேருக்கு மட்டும் தண்ணீர் விடுகிறீர்கள், மிச்சத்தைக் காய விடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். தினமும் 12 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நூறு நடைக்கு மேல் வருகிறது, ஒரு நாளைக்கு! நம் ஊரில் கோடையில் ஒரு தண்ணீர் லாரி தெருவுக்குள் நுழைந்தால் குடங்கள் எப்படி வரிசை கட்டும் என்பது உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிற வாட்ச்மேனுக்குத் தெரியும், கேளுங்கள்.

போர் போட்டுக்கொள்வோம் என்றார் ஒருவர். சரி, போடுங்கள், ஆனால் பக்கத்துக் கிணறு வற்றினால் யார் பொறுப்பு என்று அதே பத்திரத்தில் எழுதுங்கள். சுத்திகரித்த கழிவுநீரை விடுவோம் என்றார் இன்னொருவர். அது கிடைக்குமானால் முதல் பாத்தியதை கண்மாய்ப் பாசனத்துக்கா மைதானத்து பெர்முடா புல்லுக்கா என்று ஊரைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசலாம்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் யாருமே பேசவில்லை, ஒருவேளை சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போய்விட்டதால் கவனத்தில் இல்லாமல் போயிருக்கலாம். அந்தப் பொட்டல் சும்மா கிடக்கவில்லை. அதுதான் ஊரணிக்கு மழைநீர் வரத்து. செம்பராங்கல் பூமி, மேலே கெட்டி, மழை பெய்தால் உடனே ஓடும். ஓடுகிற தண்ணீர் மேற்கே இருந்து சரிந்து, இரண்டு வரத்துக்கால் வழியாகக் குடிதண்ணீர் ஊரணிக்கும், அது நிறைந்தால் குளிக்கிற ஊரணிக்கும், அப்புறம் கண்மாய்க்கும் போகும். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே ஓட்டுத் தண்ணீரை முற்றத்தில் இறக்கி அண்டாவில் பிடித்து, மிச்சத்தைத் தெருக் கால்வாயில் விட்டு, அதை ஊரணிக்குச் சேர்த்த ஊர் இது. உங்கள் பாட்டனார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த காசில் வளவு வீடு கட்டியதோடு நிற்கவில்லை, தர்மத்துக்கென்று ஒதுக்கிய மகமைப் பணத்தில் ஊரணிக்குப் படித்துறையும் கட்டினார்கள். இன்றைக்கும் குடிதண்ணீர் ஊரணியில் செருப்போடு இறங்க எங்கள் தெருக் கிழவிகள் விட மாட்டார்கள்.

கோல்ஃப் மைதானம் கட்டுகிறவன் முதலில் செய்வது மண்ணை நெளிநெளியாக மாற்றுவது. மேடு வேண்டும், பள்ளம் வேண்டும், பந்து விழுந்து தொலைய நாலு குளம் வேண்டும். அந்தக் குளங்கள் அழகுக்கு மட்டும் இல்லை, மழைத் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துப் புல்லுக்கு விடுவதற்குத்தான், நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான். கட்டுகிறவனைப் பொறுத்தவரை அது நல்ல வேலை. ஆனால் நம் பொட்டலில் அதைச் செய்த வருஷமே ஊரணிக்கு வரத்து நின்றுவிடும். அதையும் தாண்டி வழிந்து வருகிற தண்ணீரில் உரமும் பூஞ்சை மருந்தும் வரும். கிரீன் புல்லை மூன்று நாலு மில்லிமீட்டர் உயரத்துக்கு மழிக்கிறோம், அவ்வளவு குட்டையாக வெட்டின புல் எப்போதும் நோயாளிதான், மருந்து அடிக்காமல் நிற்காது. முகமூடி மாட்டிக்கொண்டு நானே அடித்திருக்கிறேன். அந்தத் தண்ணீரை எங்கள் தெருப் பிள்ளைகள் குடிக்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆட்டத்தை மட்டும் எப்படிக் கொண்டு வருவது? அதற்குத்தான் இந்த மடலே.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்துக்கு உங்களில் இரண்டு பேர் போய் வந்திருக்கிறீர்கள், கல் பாலத்தின் மேல் நின்று எடுத்த போட்டோவை நானும் பார்த்தேன். கோல்ஃபின் தாய்வீடு என்கிறார்கள். அந்த ஓல்டு கோர்ஸ் எந்தக் கிளப்பின் சொத்தும் இல்லை. ஊரின் பொது நிலம், ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதன் மேல் நடக்கிறார்கள். காசு வாங்குகிறார்கள், வெளியாளுக்கு நிறையவே வாங்குகிறார்கள், அது வேறு. வேலி போட்டு ஊரை வெளியே நிறுத்தவில்லை. நம் பாஷையில் சொன்னால் அது மந்தைவெளிப் புறம்போக்கு, நீங்கள் பட்டா போட்டு வளைக்கப் பார்க்கிற அதே வகை நிலம்.

புல் இல்லாமல் கோல்ஃபா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கூபர் பெடி என்று ஓர் ஊர். ஓபல் கல் தோண்டுகிறவர்கள் வெயில் தாங்காமல் பூமிக்கடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். அங்கே ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, ஒரு புல் கிடையாது. ஆடுகிறவன் ஒரு சின்னப் புல்தரைத் துண்டைக் கையிலேயே எடுத்துப் போவான், பந்தை அதன் மேல் வைத்து அடிப்பான், எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடப்பான். கோடையில் ஒளிர்கிற பந்தை வைத்து ராத்திரியில் ஆடுகிறார்கள். அந்தக் கிளப்புக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் பரஸ்பர ஆட்ட உரிமை உண்டு, சிரித்துவிட்டு நம்புங்கள். நம் நாட்டிலேயே வறண்ட ஊர்களில் கிரீனுக்குப் பதில் "பிரவுன்" வைத்து ஆடியது பழைய வழக்கம், மணலைப் பரப்பி எண்ணெய் கலந்து உருட்டி விடுவார்கள். உங்களில் வயதில் மூத்தவர்கள் ஆடியிருக்கவும் கூடும்.

நான் கேட்பது அந்த மாதிரி ஒன்பது குழி. ஆறு போதும் என்றாலும் சரிதான். வரத்துக்காலைத் தொடாமல், மண்ணைக் கிளறாமல், இருக்கிற மேடு பள்ளத்திலேயே. முள்ளுக்காட்டை மட்டும் வெட்டிச் சுத்தம் பண்ண வேண்டும். சீமைக்கருவேலம் போனால் ஊரே வாழ்த்தும். குழியைச் சுற்றிச் சலித்த மணலை வட்டமாகப் பரப்பி உருளையால் உருட்டினால் பிரவுன் ரெடி. ஒன்று மட்டும் கவனம், பழைய இடங்களில் எஞ்சின் ஆயிலைத்தான் ஊற்றினார்கள், நாம் ஊரணி வரத்தில் அதைச் செய்யக் கூடாது. வெறும் மணலே போதும், பந்து கொஞ்சம் சோம்பேறித்தனமாக ஓடும், காற்று அடித்தால் கலையும், பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் இழுவைக் கட்டையால் இழுத்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் பழையபடி ஆகிவிடும். ஆடு மேய்ந்தால் மேயட்டும். மஞ்சுவிரட்டு நாளில் கொடியைப் பிடுங்கி வைத்துவிட்டால் போயிற்று. சிராவயல் பொட்டலுக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது, யாரிடமாவது மெம்பர்ஷிப் கார்டு கேட்கிறார்களா?

பராமரிப்பு நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் பற்றி அப்புறம் பேசலாம், ஆனால் பேச வேண்டும்.

வேலைவாய்ப்பு வரும் என்று சொன்னீர்களே, அதையும் பார்த்துவிடுவோம். ஒரு பதினெட்டுக் குழி மைதானத்தைப் பராமரிக்க முப்பது நாற்பது பேர் இருந்தால் தாராளம். அதிலும் மெஷின் ஓட்டத் தெரிந்தவனை வெளியிலிருந்து கூட்டி வருவீர்கள். நம்மூர்ப் பெண்களுக்குக் களை பிடுங்குகிற வேலை, பையன்களுக்குப் பை தூக்குகிற வேலை. அதுவும் பக்கி வந்தால் போய்விடும், சிங்கப்பூரில் எத்தனை இடத்தில் பை தூக்குகிற கேடியைப் பார்க்கிறீர்கள் இப்போது? பேட்டரி வண்டிக்கு தீபாவளி போனஸ் கொடுக்க வேண்டாமே.

இதை நக்கலாகச் சொன்னாலும் இதற்குள் நான் மதிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. கல்கத்தாவில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், 1829இல் தொடங்கியது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் இருக்கிற கிளப்புகளில் அதுதான் மூத்தது. அங்கே புல் பராமரிக்கிறவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்தே பழகினார். 2008இல் டெல்லியில் நடந்த ஐரோப்பிய டூர் போட்டியை ஜெயித்தார், 2016, 2017 இரண்டு வருஷமும் இந்தியன் ஓப்பனைத் தொடர்ந்து ஜெயித்தார். 2009இல் அதே இந்தியன் ஓப்பனை ஜெயித்த பெங்களூர் சின்னசாமி முனியப்பா, முன்னால் கேடியாக இருந்தவர். மலேசியாவில் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்று நம் பெயர்கள் தொழில்முறை ஆட்டத்தில் பேசப்பட்ட காலம் உண்டு. ஆடத் தெரிந்தவன் நம்மில் இல்லாமல் இல்லை, மைதானத்துக்குள் கால் வைக்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அந்தச் சாக்கு பை தூக்குவதாக மட்டும் இருக்க வேண்டாம் என்பதுதான் என் ஆசை. கிரீன் வெட்டுகிறவன் மகன் வேலியைத் தாண்டி வந்து திருட்டுத்தனமாக ஆடிப் பழக வேண்டும் என்கிற நிலைமை கதையாகக் கேட்க நன்றாக இருக்கும், வாழ்வதற்கு நன்றாக இருக்காது.

கன்ட்ரி கிளப் வந்தால் கூடவே என்னென்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும். கோல்ஃப் மட்டையைக் கையாலும் தொடாத மெம்பர்கள், கல்யாண ஹால், பார், சிங்கப்பூரில் என்றால் ஜாக்பாட் மெஷினும் உண்டு. அப்புறம் ஒரு போர்டு: காலர் வைத்த சட்டை கட்டாயம், இன்ன செருப்புக்கு அனுமதி இல்லை, வீட்டு வேலையாட்கள் இந்த எல்லைக்கு மேல் வரக் கூடாது. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? சட்டசபை கொதித்து, அதே வருஷம் ஆகஸ்ட்டில் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். நம் ஊரில் கிளப் வந்தால் அந்தச் சட்டம் இங்கேயும் செல்லும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் முதல் ஆளாக வருவேன். உண்மையைச் சொன்னால் இடுப்பைத் திருப்பி அடிக்க வேட்டி பேன்ட்டைவிட வசதி.

நிலம் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறோம், விலைக்குக்கூட வேண்டாம், 99 வருஷம் போதும் என்று பேச்சு ஓடுகிறதாம். கிண்டி ரேஸ் கோர்ஸைப் பாருங்கள். 160 ஏக்கர், 1945இல் இருந்து 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். அதன் நடுவில்தான் சென்னையின் பழைய கோல்ஃப் மைதானம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது, வாடகை பாக்கி மட்டும் 730 கோடி என்றார்கள், கிளப்புகள் கோர்ட்டுக்குப் போயின. வெள்ளத் தண்ணீரைப் பிடிக்க அங்கே இப்போது குளம் வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் 99 வருஷத்துக்கு எழுதி வாங்கினால், கோர்ட்டுக்கு அலையப்போவது நீங்கள் இல்லை, உங்கள் பேரன். அவன் மெல்போர்னில் இருப்பான்.

இன்னொரு கணக்கையும் நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள்: "அழகப்பச் செட்டியார் நிலம் கொடுக்கவில்லையா?" என்று. கொடுத்தார். சிக்ரி என்கிற காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948இல் நேரு வந்து கல் நாட்டினார். உங்களுக்கு வேண்டியது அதில் பாதி, 150 ஏக்கர். வித்தியாசம் என்னவென்றால் அவர் கொடுத்தார், நீங்கள் கேட்கிறீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை, படிக்கும்போது அப்படித் தெரிந்தால் போனில் கூப்பிடுங்கள், பேசுவோம். உங்களுக்கு ஊர் மேல் ஆசை இருக்கிறது, அது எனக்குத் தெரியும். வருஷத்தில் பத்து நாள் வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, காலையில் நாலு குழி ஆடினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது, அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பத்து நாள் காலைக்காக மிச்ச நாளெல்லாம் நூறு லாரித் தண்ணீர் என்பது எந்த ஊர் நியாயம்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கம்பெனி, கட்டட வரைபடம், கன்சல்டன்ட் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். நிலத்துக்கு விலை கேட்டு அலையும் புரோக்கர்களை நீங்கள் அனுப்பவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், அனுப்பியிருந்தால் திரும்பக் கூப்பிடுங்கள். அப்படியும் விட மனசில்லை, பெரிய திட்டம்தான் வேண்டும் என்றால், அடுத்த கிராம சபையில் முழு வரைபடத்தையும் தண்ணீர்க் கணக்கையும் வையுங்கள். மார்ச் 22 கிராம சபை தோதாக இருக்கும், அன்றைக்கு உலகத் தண்ணீர் நாள். வரத்துக்கால் எங்கெங்கே ஓடுகிறது என்று காட்ட எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன்.

பொட்டலில் மணல் குழி போதும் என்று முடிவு பண்ணினால் செலவு மிகக் கொஞ்சம்: உருளை ஒன்று, சல்லடை, ஒன்பது கொடிக்கம்பு, சிமென்ட் குழாய்த் துண்டு ஒன்பது. மேல்நிலைப் பள்ளி பி.டி. வாத்தியாரிடம் பேசிவிட்டேன். பையன்களோடு பெண் பிள்ளைகளையும் சேர்த்தால்தான் சரி என்கிறார், எனக்கும் அதுதான் சரி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெட்டியில் இடம் இருந்தால் உங்கள் பழைய அயர்ன்களைப் போட்டுக்கொண்டு வாருங்கள். 7, 9, பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பட்டர் ஒன்று, அது போதும், தூரம் அடிக்கிற டிரைவர் மட்டை வேண்டாம், பஸ் ரோடு பக்கத்தில் இருக்கிறது. இடக்கைக்காரர் யாராவது இருந்தால் அவருடையதையும் கேட்டு வாங்கி வாருங்கள், எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இடக்கை.

இப்படிக்கு,
உங்கள் கிரீனை வெட்டிய நம்மூர்த் தம்பி